எதிர்க்கருத்தை இணையத்தில் தேடிப் படிப்பது எப்படி? 10% இடஒதுக்கீட்டை வைத்து ஒரு முழு வழிகாட்டி

அரசியல் நிறையப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒரே கருத்தைப் பத்துப் பேர் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் நம்மில் அதிகம். சரி, மறுதரப்பு என்னதான் சொல்கிறது பார்ப்போமே என்று ஒருநாள் அந்தப் பக்கத்துச் சேனலைத் திறந்தால், இருப்பதிலேயே அதிகம் கத்துகிறவர்தான் முதலில் வந்து நிற்பார். ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டு, "இவங்க எப்பவுமே இப்படித்தான்" என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். அந்தப் பக்கம் யோசித்துப் பேசுகிறவரே கிடையாது என்ற எண்ணம் இன்னும் கொஞ்சம் கெட்டியாகிவிடும்.

சேனலை மாற்றுவதாலோ பத்திரிகையை மாற்றுவதாலோ இது தீராது. ஒரு விவகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் மூல ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஆவணத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஆட்களைத் தேட வேண்டும். எனக்குத் தெரிந்து உருப்படியாகப் பலன் தரும் வழி இதுதான். வழிமுறையை வெறுமனே சொன்னால் காற்றில் பேசுவதுபோல ஆகிவிடும் என்பதால், எல்லாப் படிகளையும் ஒரே விவகாரத்தின்மீது செய்து காட்டுகிறேன்: பொருளாதாரத்தில் நலிந்த பொதுப்பிரிவினருக்கு, அதாவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடுகளில் வராதவர்களுக்கு, கல்வியிலும் அரசு வேலையிலும் தரப்படும் 10% இடஒதுக்கீடு.

படி 1: கட்சிக்கோடு குழம்பும் விவகாரமாகப் பார்த்து எடுங்கள்

பழக ஆரம்பிக்கும்போது, யார் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடக்கூடிய விவகாரம் வேண்டாம். அதில் ஆளைப் பார்த்தே வாதத்தை முடிவுசெய்துவிடுவோம். இந்த 10% அப்படிப்பட்டதல்ல. 103ஆவது அரசியல் சாசனத் திருத்தமாக பாஜக அரசு கொண்டுவந்தது. காங்கிரஸ் ஆதரித்தது, பகுஜன் சமாஜ் ஆதரித்தது, வருமான வரம்பைக் குறைசொல்லிக்கொண்டே மார்க்சிஸ்ட் கட்சியும் ஆதரித்தது. மாநிலங்களவையில் திமுக எதிர்த்தது. அடுத்த சில வாரங்களில் பாஜகவோடு கூட்டணி வைக்கவிருந்த அதிமுகவும் எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தது. 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் 323க்கு 3 என்றும், மறுநாள் மாநிலங்களவையில் 165க்கு 7 என்றும் நிறைவேறியது.

பிறகு உச்ச நீதிமன்றம். 2022 நவம்பர் 7 அன்று ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் திருத்தம் செல்லும் என்றார்கள்: தினேஷ் மகேஸ்வரி, பேலா திரிவேதி, பர்திவாலா. ரவீந்திர பட் செல்லாது என்று எழுதினார். தலைமை நீதிபதி யு.யு.லலித் அவரோடு உடன்பட்டார். அந்த நவம்பர் 12 அன்றே தமிழ்நாட்டில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடித் திருத்தத்தை நிராகரித்தது. அதிமுகவும் பாஜகவும் அந்தக் கூட்டத்தைப் புறக்கணித்தன. திமுக போட்ட மறுஆய்வு மனு 2023 மே மாதம் தள்ளுபடி ஆனது.

இந்த வரலாற்றைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று இடங்களில் "அட, அவங்களா?" என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், பழகுவதற்கு இது சரியான விவகாரம்.

படி 2: கருத்தைத் தேடும் முன் ஆவணத்தைத் திறங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இதில்தான்.

தீர்ப்பு ஏறத்தாழ 400 பக்கம். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துவைக்கும் இந்தியன் கானூன் தளத்தில் 'ஜனஹித் அபியான்' (Janhit Abhiyan) என்ற வழக்குப் பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நீதிபதியும் கடைசியில் எழுதியிருக்கும் முடிவுரைப் பத்திகளை முதலில் படியுங்கள். உங்களுக்கு இயல்பாக எந்தத் தரப்பு பிடிக்குமோ, அதற்கு எதிரான தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். மசோதா சம்பந்தமான சுருக்கத்துக்கு பிஆர்எஸ் (PRS) என்ற ஆய்வு அமைப்பின் தளம் இருக்கிறது. அவையில் யார் என்ன பேசினார்கள் என்பது நாடாளுமன்ற இணையதளத்தின் விவாதப் பகுதியில் வார்த்தைக்கு வார்த்தை கிடைக்கும். வழக்கறிஞர்கள் வாதாடியதன் சுருக்கம் நாள்வாரியாக சுப்ரீம் கோர்ட் அப்சர்வர் தளத்தில் உண்டு. வாதத்தின் கடைசி நாளான 2022 செப்டம்பர் 27தான் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணையை உச்ச நீதிமன்றம் முதன்முதலாக நேரலை செய்த நாளும்கூட.

ஆவணம் கையில் இருந்தால் என்ன நடக்கும்? ஒரு உதாரணம் பார்ப்போம். நீதிபதி பட் தன் மாறுபட்ட தீர்ப்பில் சின்ஹோ ஆணையத்தின் கணக்கை எடுத்தாள்கிறார். பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களைப் பற்றி ஆராய மத்திய அரசு அமைத்து, 2010இல் அறிக்கை கொடுத்த ஆணையம் அது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் 31.7 கோடிப் பேரில் பட்டியல் சாதியினர் 7.74 கோடி, பழங்குடியினர் 4.25 கோடி, பிற்படுத்தப்பட்டோர் 13.86 கோடி, பொதுப்பிரிவினர் 5.85 கோடி. அவ்வளவுதான் கணக்கு. இதை வைத்துக்கொண்டு ஒருவர், "ஏழைகளில் நூற்றுக்கு 82 பேரை வெளியே நிறுத்திவிட்டு ஏழைகளுக்கான இடஒதுக்கீடு என்று சொல்வது என்ன நியாயம்?" என்று கேட்கலாம். பட் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். இன்னொருவர் இதே கணக்கைப் பார்த்து, "ஐந்தே முக்கால் கோடிக்கு மேற்பட்ட ஏழைகளுக்கு எந்த ஒதுக்கீடும் இல்லாமல் இருந்ததே, அது மட்டும் நியாயமா?" என்று கேட்கலாம்.

இரண்டுமே நேர்மையான கேள்விகள். இதற்கடுத்த சுற்றில்தான் சுவாரஸ்யம். ஆதரவாளர் சொல்வார்: மற்ற மூன்று பிரிவினருக்கும் ஏற்கெனவே தனி ஒதுக்கீடு இருக்கிறது, இதிலும் சேர்த்தால் இரட்டைப் பலன் ஆகிவிடும். பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரமும் அதுதான். எதிர்ப்பாளர் சொல்வார்: அந்த ஒதுக்கீடு சாதியால் ஒடுக்கப்பட்டதற்கு, இது வறுமைக்கு, காரணமே வேறாக இருக்கும்போது இரட்டைப் பலன் எங்கிருந்து வந்தது? ஒரு கட்டுரையாளர் இந்த இரண்டாவது சுற்று வரைக்கும் போகிறாரா, முதல் கேள்வியோடு கைதட்டல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாரா என்று பாருங்கள். ஆவணத்தைப் படித்தவருக்கு இது இரண்டு பத்தியில் தெரிந்துவிடும். படிக்காதவருக்குக் கடைசிவரை தெரியாது.

இன்னொரு விஷயம். பட் பொருளாதார அளவுகோலையே மறுத்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். அவர் சொன்னது அப்படியல்ல. கல்வி போன்ற பொது நலன்களைப் பெறுவதற்குப் பொருளாதார அளவுகோல் தன்னளவில் தவறில்லை என்கிறார் (அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு). அரசு வேலையில் ஒதுக்கீடு என்பது சமூகப் பிரதிநிதித்துவத்துக்கானது, அங்கே இந்த அளவுகோல் பொருந்தாது என்கிறார் (16ஆவது பிரிவு). இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்லும் கட்டுரை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதை எழுதியவரின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

படி 3: அவர்கள் பேச்சில் தேடுங்கள், தேதி போட்டுத் தேடுங்கள்

கூகுளில் நீங்கள் எந்தச் சொல்லைப் போடுகிறீர்களோ அந்தத் தரப்புதான் வரும். 'உயர்சாதி ஏழைகள்' என்று போட்டால் ஒரு கூட்டம், 'முன்னேறிய வகுப்பு ஏழைகள்' என்று போட்டால் வேறொரு கூட்டம், 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்' என்று போட்டால் அரசு அறிவிப்பும் வேலைவாய்ப்பு வழிகாட்டிகளும். மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். 'சமூகநீதிக்கு எதிரானது', 'சமூகநீதியின் விரிவாக்கம்' என்று முடிவையே தேடுசொல்லாகவும் போடலாம். அந்தந்த முடிவுக்கு வந்தவர்களின் வாதம் கிடைக்கும்.

தேடல் முடிவுகளுக்கு மேலே டூல்ஸ் என்ற இடத்தில் தேதி வரம்பு வைக்கும் வசதி உண்டு. நவம்பர் 7, 8 தேதிகளில் வந்தவற்றை விட்டுவிடுங்கள். 400 பக்கத் தீர்ப்பை அன்று மாலைக்குள் படித்துவிட்டு எழுதியவர்கள் அபூர்வம். நவம்பர் 15 முதல் டிசம்பர் கடைசிவரை என்று வைத்தால் கொஞ்சம் நிதானமானவர்கள் வெளியே வருவார்கள். அப்புறம் ஒருமுறை 2019 ஜனவரிக்கும் போய்த் தேடுங்கள். மசோதா வந்த வாரத்தில் ஒன்று சொல்லிவிட்டுத் தீர்ப்பு வந்த வாரத்தில் வேறொன்று சொன்னவர்கள் அகப்படுவார்கள். மாற்றிக்கொண்டது தப்பில்லை, ஏன் மாற்றிக்கொண்டேன் என்று சொன்னாரா என்பதுதான் கேள்வி. அழிக்கப்பட்ட பக்கமாக இருந்தால் வேபேக் மெஷினில் அதன் முகவரியைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் கிடைக்கும்.

படி 4: எங்கே போய்ப் பார்ப்பது?

கட்சிப் பத்திரிகை என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அவை பிடிக்கும், ஏனென்றால் வேஷம் கிடையாது. முரசொலி திமுகவினுடையது, விடுதலை திராவிடர் கழகத்தினுடையது, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியினுடையது, விஜயபாரதம் ஆர்எஸ்எஸ் சார்புடையது என்று படிக்கும் முன்பே தெரியும். 'நடுநிலை' என்று சொல்லிக்கொண்டு ஒரு பக்கம் சாய்வதைவிட இது எவ்வளவோ மேல். எல்லாமே இணையத்திலும் கிடைக்கின்றன. நம் விவகாரத்தில் முரசொலியையும் தீக்கதிரையும் அந்த நவம்பர் மாதத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது தனி அனுபவம். மாநிலத்தில் ஒரே கூட்டணியில் இருந்துகொண்டு, இந்த விஷயத்தில் வேறு வேறு நிலைப்பாடு எடுத்த இரண்டு கட்சிகளின் ஏடுகள் அவை. தோழமையோடு எப்படி மறுக்கிறார்கள் அல்லது எப்படி நழுவுகிறார்கள் என்பதைப் பார்த்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம். வலதுசாரி வாதத்துக்குத் துக்ளக் இன்னொரு இடம்.

மாத இதழ்களில் காலச்சுவடு, உயிர்மை போன்றவை மெதுவாக வந்தாலும் நீளமாகப் பேச இடம் கொடுப்பவை. சமஸ் 2021இல் தொடங்கிய அருஞ்சொல் தளத்தில் நீண்ட அரசியல் கட்டுரைகள் உண்டு.

ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிந்தால்கூட வட்டம் பெரிதாகிவிடும். தி இந்துவில் பார்லே என்று ஒரு பகுதி வருகிறது. ஒரே கேள்வியைப் பற்றி மாறுபட்ட கருத்துள்ளவர்களை எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைப்பார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸின் கருத்துப் பக்கமும் பல தரப்பையும் போடும். தரவோடு சண்டை போடுகிறவர்களுக்கு எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி, வலதுசாரிக் கோணத்துக்கு ஸ்வராஜ்யா, ஆர்கனைசர். சந்தா கட்டவேண்டிய இதழாக இருந்தால் முதலில் மாவட்ட நூலகத்தில் கேளுங்கள். சென்னைவாசிகளுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

பத்திரிகையைவிட முக்கியம் ஆள். எந்தப் பெட்டியிலும் அடங்காத நாலு பேரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரதாப் பானு மேத்தா ஒரு உதாரணம். 2006இல் மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோது, அதை ஏற்க முடியாமல் தேசிய அறிவு ஆணையத்திலிருந்து விலகியவர். பின்னாளில் மோடி அரசின் கடுமையான விமர்சகர்களில் ஒருவர். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அவரைப் படித்தால் ஒரு வாரம் தலையாட்டுவீர்கள், மறு வாரம் பல்லைக் கடிப்பீர்கள். அதே 2006இல் யோகேந்திர யாதவும் சதீஷ் தேஷ்பாண்டேயும் சேர்ந்து இன்னொரு யோசனை வைத்தார்கள்: சாதி, பாலினம், ஊர், படித்த பள்ளி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்துப் பின்தங்கிய நிலையை அளக்கலாம் என்று. இது ஆதரவுக்குள் அடங்குமா எதிர்ப்புக்குள் அடங்குமா? இப்படி இரண்டிலும் ஒட்டாமல் நிற்கிற வாதங்களைத் தேடிப் போங்கள்.

அமெரிக்கத் தளங்கள் சில, ஊடகங்களை இடது, நடு, வலது என்று வரிசைப்படுத்தித் தருகின்றன. நம் ஊருக்கு அந்த அளவுகோல் உதவாது. திராவிட இயக்கம், இடதுசாரி, தலித் அரசியல், தமிழ்த்தேசியம், இந்துத்துவம், தாராளவாதம் என்று குறைந்தது ஆறு பார்வைகள் இங்கே இருக்கின்றன. எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டும் போகும். இந்த 10% விஷயத்தில் ஒவ்வொரு பார்வையிலிருந்தும் ஒரு கட்டுரையாவது கிடைத்ததா என்று பாருங்கள்.

படி 5: உரசிப் பார்ப்பது

ஒருவர் நேர்மையாக வாதிடுகிறவரா என்று கண்டுபிடிக்க நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. தனக்குச் சங்கடமான இடத்தில் என்ன செய்கிறார்?

இந்த விவகாரத்தில் அந்தச் சங்கடமான இடம், மொத்த இடஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வகுத்த வரம்பு அது. நரசிம்மராவ் அரசு கொண்டுவந்த பொருளாதார அடிப்படையிலான 10% ஒதுக்கீட்டை ரத்து செய்ததும் அதே தீர்ப்புதான். தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பதோ 69%. 1993இல் சட்டம் போட்டு, 1994இல் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் (நீதிமன்றத்தில் சட்டங்கள் அடிபடாமல் காக்க ஏற்பட்ட பட்டியல்) ஏற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

இப்போது பாருங்கள். 69 சதவீதத்துக்கும் மகாராஷ்டிராவின் மராத்தா சாதி ஒதுக்கீட்டுக்கும் எதிராக "50% வரம்பு புனிதமானது" என்று வாதாடிய சிலர், 10% வந்தபோது அந்த வரம்பை நெகிழ்த்தலாம் என்றார்கள். வரம்பே செயற்கையானது என்று காலமெல்லாம் சொல்லிவந்த தமிழ்நாட்டுக்காரர்கள் சிலர், 10% வந்ததும் "வரம்பை மீறுகிறதே" என்றார்கள். வரம்பை மீற அனுமதித்தால் மேலும் பல மீறல்களுக்கு வாசல் திறக்கும் என்று பட் எச்சரிக்கிறார். அவரைக் கொண்டாடும் தமிழ்நாட்டுக் கட்டுரையாளர் இந்தப் பத்தியை என்ன செய்கிறார்? தாண்டிப் போகிறாரா, "இது எங்களுக்கும் இடிக்கும், ஆனால்…" என்று நின்று பதில் சொல்கிறாரா? அதேபோல, பெரும்பான்மைத் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர், வரம்பு நெகிழக்கூடியது என்றால் 69 சதவீதத்தை இனிமேல் எந்த வாயால் எதிர்ப்பது என்று யோசித்திருக்கிறாரா? நின்று பதில் சொல்கிறவர் எந்தப் பக்கமானாலும் படிக்கத் தகுந்தவர்.

1979ஐயும் இப்படிப் பயன்படுத்தலாம். எம்ஜிஆர் அரசு பிற்படுத்தப்பட்டோர் சலுகைக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்குக் கிடைத்தது இரண்டே இடம். அதன்பின் உத்தரவைத் திரும்பப் பெற்றதோடு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31லிருந்து 50 சதவீதமாகவும் உயர்த்தினார். பொருளாதார அளவுகோல் பற்றி எழுதும் தமிழ்க் கட்டுரைகளில் இந்தக் கதை அடிக்கடி வரும். மக்கள் நிராகரித்தார்கள் என்பது வேறு, அளவுகோல் தவறு என்பது வேறு. இரண்டையும் குழப்பாமல் எழுதுகிறவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மற்ற அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் வாதத்தை எதிராளியே "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச்சொல்ல வேண்டும். எண் சொன்னால் எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். இந்த 10 சதவீதத்துக்குத் தகுதிபெற வைத்திருக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் என்ற வரம்பைப் பற்றிப் பேசாமல் முழுக் கட்டுரையும் முடிந்தால், ஆதரவோ எதிர்ப்போ, சந்தேகப்படுங்கள்.

படி 6: யூடியூபைக் கொஞ்சம் அடக்கிவைப்பது

முகப்புப் படத்தில் 'அலறவிட்ட', 'வெளுத்துவாங்கிய', 'கதறும்' என்று இருந்தால் தாண்டிவிடுங்கள். உள்ளே ஒருவேளை நல்ல பேச்சு இருக்கலாம், ஆனால் அதைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருக்க நமக்கு ஆயுள் போதாது. ஆறு பேர் ஆறு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் டிவி விவாதமும் வேண்டாம். இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசும் நேர்காணல் பரவாயில்லை, பேட்டி எடுப்பவர் ஒரு தடவையாவது குறுக்கே கேள்வி கேட்டால். நீளமான வீடியோவில் எழுத்து வடிவம் இருந்தால் அதைத் திறந்து '50' அல்லது '8 லட்சம்' என்று தேடுங்கள். விஷயத்துக்கு வந்தாரா இல்லையா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மறுதரப்பு வீடியோ நாலு பார்த்தால் யூடியூப் உங்களை அந்தத் தரப்பின் தீவிரக்காரர்களிடம் கொண்டுபோய் விடும். பார்வை வரலாற்றை நிறுத்திவைத்துவிட்டுப் பாருங்கள், அல்லது இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடுவதை அணைத்துவிடுங்கள்.

இதைவிட நல்லது, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் எழுதுவது மட்டும் உங்களைத் தேடி வரும்படி செய்துகொள்வது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலிகளில் தளங்களின் முகவரியைச் சேர்த்துவிட்டால் புதுக் கட்டுரைகள் தேதி வரிசையில் வந்து நிற்கும். யாருடைய பரிந்துரையும் நடுவில் வராது. இந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் ஆர்எஸ்எஸ். "நான் தினமும் ஆர்எஸ்எஸ்ல படிக்கிறேன்" என்று பெரியாரிய நண்பர்களிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

படி 7: குறிப்பு

ஒரு கட்டுரைக்கு இரண்டே வரி போதும். அவருடைய வாதத்தில் எனக்குப் பதில் தெரியாத இடம் எது என்பது ஒரு வரி, அவர் பதில் சொல்லாமல் விட்டது எது என்பது இன்னொரு வரி. சுருக்கம் எழுதாதீர்கள், அதை யாரும் திரும்பப் படிப்பதில்லை. எந்தக் கட்டுரைக்கு முதல் வரி காலியாகவே இருக்கிறதோ, அது பெரும்பாலும் உங்கள் தரப்புக் கட்டுரையாக இருக்கும், அல்லது மறுதரப்பின் மட்டமான கட்டுரையாக இருக்கும். இரண்டுமே இந்த வேலைக்கு உதவாது. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேறு தேடுங்கள்.

அடுத்து எதை எடுப்பது?

10% விவகாரத்தில் கை பழகிவிட்டால், 'ஒரே நாடு ஒரே தேர்தல்' எடுக்கலாம். முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையிலான குழு 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கை 18,626 பக்கம். பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி பின்னிணைப்புதான். கருத்துச் சொன்ன 47 கட்சிகளில் 32 ஆதரித்தன, 15 எதிர்த்தன. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளில் ஏ.பி.ஷா, கிரீஷ் சந்திர குப்தா, சஞ்சிப் பானர்ஜி ஆகிய மூவர் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டின் மாநிலத் தேர்தல் ஆணையர் பழனிகுமாரும் ஆட்சேபம் சொன்னார். இந்த முறை ஆவணமே எதிர்த்தவர்களின் பெயரையும் காரணத்தையும் சொல்லிவிடுவதால், அந்தப் பெயர்களையே தேடுசொல்லாகப் போட்டு மூன்றாவது படியிலிருந்து நேராக ஆரம்பிக்கலாம்.